ரமணரின் கடைசிப் பதினான்கு மாதங்கள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், கணியம்பாடியருகே மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி வரும். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. வெளியூர்க்காரர்களுக்கு அது சிறிய உயிரியல் பூங்காவும் அருவியும் காடும் உள்ள விடுமுறை நாள் இடம். எனக்கு அது என் தந்தை தம் கடைசி ஐந்து மாதங்களைக் கழித்த ஊர்.

அப்பா வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சோறு விழுங்குவதில் தொடங்கிய சிரமம் உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, நோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. ஆய்வு முடிவை மருத்துவர் தாழ்வாரத்தில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். பத்தடி தொலைவில் பெஞ்சில் அமர்ந்திருந்த அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குடலில் புண் இருக்கிறது, மாத்திரையில் ஆறிவிடும் என்று நான்தான் சொன்னேன். அம்மாவிடமும் தங்கையிடமும் அதையே சொல்லும்படி ஏற்பாடு செய்தேன். பார்க்க வந்த உறவினர்களை வாசலிலேயே நிறுத்தி, என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று எச்சரித்து உள்ளே அனுப்பினேன். அதை அன்பு என்றே நம்பினேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ரமண மகரிஷியின் படம் ஒன்று உண்டு. அப்பா ஆண்டுதோறும் கார்த்திகை தீபத்துக்குப் போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போய் மலையைச் சுற்றிவிட்டு வருவார். சிறுவனாக இருந்தபோது என்னையும் அழைத்துப் போயிருக்கிறார். மற்றபடி அவர் தத்துவம் பேசுகிறவர் அல்லர். நோயின் இரண்டாம் மாதம் முடியும் தறுவாயில் ஓர் இரவு, உறக்கம் வராமல் படுத்திருந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். ரமணருக்குக் கட்டி வந்தது எந்தக் கையில்? அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது திரும்ப வந்ததா? அதன் பின் எத்தனை மாதம் இருந்தார்?

இடது கை என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. மற்ற இரண்டுக்கும் விடை சொல்ல முடியவில்லை. ஆனால் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. தெரியாதவர்போல் அவர் இருந்தது எங்களுக்காக.

அந்த விடைகளைத் தேடித்தான் ரமணரின் வாழ்க்கை வரலாற்றை நான் மறுபடி படித்தேன். ஞானியின் உபதேசங்களைத் தேடி அன்று. குணமாகாத நோயோடு பதினான்கு மாதங்கள் வாழ்ந்து முடித்த ஒரு நோயாளியைத் தேடி. அப்படிப் படிக்கும்போது அந்த வரலாறு வேறொன்றாகத் தெரிகிறது.

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். தந்தை சுந்தரமய்யர் உள்ளூரில் வழக்காடி வந்தவர்; தாய் அழகம்மாள். 1892-இல் தந்தை இறந்தபோது வேங்கடராமனுக்கு வயது பன்னிரண்டு. குடும்பம் சிதறியது. அவர் தமையனோடு மதுரையில் சிற்றப்பா வீட்டுக்கு வந்து, ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். விளையாட்டில் ஆர்வமும் படிப்பில் அசட்டையும் உள்ள சாதாரணப் பையன்.

1896-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அந்த மதுரை வீட்டு மாடி அறையில் தனியே இருந்தபோது, தான் இப்போதே சாகப் போகிறோம் என்ற பேரச்சம் திடீரென்று அவரைப் பற்றிக்கொண்டது. உடலில் நோய் ஏதுமில்லை. வயது பதினாறு. அவர் யாரையும் கூப்பிடவில்லை, மருத்துவரையும் தேடவில்லை. கீழே படுத்துக் கைகால்களைப் பிணம்போல் விறைப்பாக நீட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு, சாவது எது என்று தமக்குள் விசாரித்தார். உடல் சாகும், அதை அறிந்துகொண்டிருக்கும் ஒன்று சாகாது என்ற முடிவுக்கு வந்ததாகவும், அதன் பின் மரண பயம் தமக்கு மீண்டும் வரவே இல்லை என்றும் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

ஆன்மிகத்தில் நம்பிக்கையில்லாதவர்கள் அந்த முடிவை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் செய்த செயல் மட்டும் போதும். மரண பயம் வந்தபோது அவர் அதை விட்டு ஓடவில்லை. அதன் எதிரே படுத்து அதை உற்றுப் பார்த்தார். நம் வீடுகளில் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, தமையனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன் பின் 54 ஆண்டுகள் அந்த ஊரை விட்டு அவர் வெளியே போகவில்லை. ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், விரூபாட்ச குகை, கந்தாசிரமம் என்று இடங்கள் மாறின, மலை மாறவில்லை.

பொதுவாக அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மௌனத்தையும் ஆன்ம விசாரத்தையும் பற்றி எழுதுவார்கள். நான் கவனித்தது வேறொன்று. சாகிறவர்களின் அருகில் அவர் மீண்டும் மீண்டும் அமர்ந்திருக்கிறார்.

பல ஆண்டுகள் அவருக்குப் பணிவிடை செய்த பழனிசாமி என்ற அன்பர் இறக்கும் தறுவாயில், ரமணர் அவரது தலையிலும் மார்பிலும் கைகளை வைத்தபடி உடனிருந்தார். எல்லாம் அடங்கிவிட்டது என்று எண்ணிச் சற்று முன்னதாகக் கையை எடுத்துவிட்டார். அம்முயற்சி முழுமையாக நிறைவேறவில்லை என்று பின்னாளில் அவரே ஒளிவு மறைவின்றிச் சொன்னார். சாகிறவரின் அருகில் இருப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய செயல், அதில் தவறு நேரலாம், அந்தத் தவறைச் சொல்லலாம் என்று அவர் ஒப்புக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

1914-இல் தாய் அழகம்மாள் மகனைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். அப்போது ரமணர் அருகிலிருந்து தாயைக் கவனித்துக்கொண்டார். அவர் குணமடைய வேண்டும் என்று அருணாசலத்திடம் முறையிட்டுப் பாடல்களும் இயற்றினார். தாய் பிழைத்தார். 1916-இல் மகனோடு நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டார். 1922-இல் மீண்டும் நோயுற்றார். மே 19 அன்று மூச்சு வாங்கத் தொடங்கியபோது, ரமணர் காலையிலிருந்து இரவு எட்டு மணியளவில் உயிர் பிரியும்வரை, வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி அமர்ந்திருந்தார். இம்முறை அவர் குணமாகும்படி வேண்டவில்லை. கையையும் முன்னதாக எடுக்கவில்லை. முடிந்ததும் எழுந்து, இனிச் சாப்பிடலாம், இதில் தீட்டு ஏதும் இல்லை என்று மற்றவர்களை அழைத்தார். தாயை அடக்கம் செய்த மலையடிவாரத்தில்தான் பிறகு ரமணாசிரமம் எழுந்தது.

அதே தாய், அதே மகன். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு வெவ்வேறு நிலைகள். முதல் நோயில் பிழைக்க வழியிருந்தது. பிழைக்க வேண்டும் என்றே அவர் விரும்பினார். இரண்டாவதில் வழியில்லை என்பதைக் கண்டார். வேறு விதமாக உடனிருந்தார். மரணத்தை ஏற்பது என்றால் எல்லா நோயிலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று பொருளில்லை. எந்த இடத்தில் போராட்டத்தின் தன்மை மாறுகிறது என்பதைக் காணும் பார்வைதான் அது. இன்றைய மருத்துவத்தில் மிகவும் கடினமான முடிவும் இதுவே.

மனிதர்களோடு அவர் நிற்கவில்லை. ஆசிரமத்துப் பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தபோதும், தொழுவத்தில் அதன் அருகே அமர்ந்து அதன் தலையிலும் மார்பிலும் கை வைத்திருந்தார்.

அதே ஆண்டின் இறுதியில் ரமணரின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரி 9 அன்று ஆசிரம மருத்துவர் அதை அகற்றினார். ஒரு மாதத்துக்குள் அது முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. தாயின் சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்தின் குடமுழுக்கு மார்ச் 17 அன்று நடந்தது. ரமணர் அந்த நாள்கள் முழுவதும் கூட்டத்தின் நடுவே இருந்தார். பத்து நாள் கழித்து, மார்ச் 27 அன்று, சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் இரண்டாம் முறை அறுத்தார். கட்டி சார்கோமா எனப்படும் வகையைச் சேர்ந்த புற்று என்பது தெரிந்தது. புண் ஆறவில்லை. ரேடியம் சிகிச்சை அளித்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று மூன்றாம் அறுவை. டிசம்பர் 19 அன்று நான்காம் அறுவை. அதன் பின் மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

அப்பா கேட்ட கேள்விகளுக்கு விடை இதுதான். இடது கையில் வந்தது. அறுத்த ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தது. முதல் அறுவையிலிருந்து பதினான்கு மாதங்கள் இருந்தார்.

அன்றைய மருத்துவ நிலையையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். இன்று நாம் அறிந்த கீமோதெரபி அப்போது தொடக்க நிலையில்தான் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-இல். ரமணர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. நோயின் வலியைத் தணிப்பதற்கென்று தனி மருத்துவத் துறை அப்போது உலகில் எங்கும் இல்லை.

இந்தப் பதினான்கு மாதங்களில் ரமணர் நடந்துகொண்ட விதத்தில் மூன்று செய்திகள் எனக்கு முக்கியமாகப்படுகின்றன.

முதலாவது, அவர் மருத்துவத்தை மறுக்கவில்லை. ஆங்கில மருத்துவம், ஆயுர்வேதம், ஓமியோபதி, கிராமத்துப் பச்சிலை என்று ஒவ்வொருவரும் தத்தம் நம்பிக்கையோடு வந்தார்கள். அவர் எதையும் கேட்டு வாங்கவும் இல்லை. வந்ததைத் தள்ளவும் இல்லை. சிகிச்சை தமக்குத் தேவையில்லை என்றாலும், சுற்றியிருந்தவர்களுக்குத் தேவையாக இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர்கள் மனம் ஆறும்வரை தம் உடலை அவர்களிடம் ஒப்படைத்திருந்தார் என்றே சொல்லலாம்.

இரண்டாவது, ஓர் எல்லையை அவர் வகுத்தார். கையையே துண்டித்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது அதை ஏற்கவில்லை. உடலே ஒரு நோய்தான், அது தன் இயல்பான முடிவை அடையட்டும், புண்ணுக்குக் கட்டுப் போட்டால் போதும் என்பதே அவர் நிலை. விருந்து முடிந்த பின் வாழை இலையை எறிந்துவிடுகிறோம் அல்லவா, உடலும் அப்படித்தான் என்று அவர் ஒப்பிட்டுச் சொல்வதுண்டு. எதுவரை சிகிச்சை, எதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தவர் நோயாளி. மருத்துவரும் அன்பர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மூன்றாவது, அவர் தம்மைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளவில்லை. நடக்க முடிந்தவரை வழக்கம்போல் வெளியே வந்து அமர்ந்தார். முடியாமல் ஒரு சிறிய அறையில் படுத்த பிறகும், வந்தவர்கள் வரிசையாக அறை வாசலைக் கடந்து தம்மைப் பார்த்துச் செல்லத் தடை விதிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். நோயின் கோலத்தை எல்லோரும் கண்டார்கள். அவர் போய்விடுவார் என்பதை ஒரே நாளில் அறியாமல், மாதக்கணக்கில் சிறிது சிறிதாக அறிந்துகொண்டார்கள்.

அவருக்கு வலி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஞானியின் கையை வெட்டினாலும் மற்றவர்களுக்குப்போல் உடல் வலிக்கத்தான் செய்யும் என்பதை அவர் மறுத்ததில்லை. வலி உடலுக்கு இருந்தது. அதன் பொருட்டு அவர் புலம்பவில்லை என்பதே வேறுபாடு.

கடைசி இரண்டு நாள்களைப் பற்றி, அவரது வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் விரிவாகக் குறித்திருக்கிறார். 1950 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. நுரையீரலில் சளி அடைத்து மூச்சு திணறியதால் மருத்துவர் ஒரு மருந்து கொண்டுவந்தார். அது தேவையில்லை, இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ரமணர் சொல்லிவிட்டார். அன்றிரவு பணிவிடை செய்தவர்களைப் போய்த் தூங்கும்படியோ தியானம் செய்யும்படியோ கூறி அனுப்பினார்.

மறுநாள் நண்பகலில் கஞ்சி கொண்டுவந்தபோது, எப்போதும் நேரம் தவறாதவரான அவர் மணி என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டு, இனி நேரம் ஒரு பொருட்டில்லை என்றார். பிறகு, பல ஆண்டுகளாகத் தம்மைக் கவனித்துக்கொண்ட பணியாளர்களிடம், நன்றி சொல்ல ஆங்கிலேயர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது, நாமோ சந்தோஷம் என்று மட்டும் சொல்கிறோம் என்ற பொருள்படப் பேசினார். விடைபெற்றார் என்று பணியாளர்களுக்குப் புரிந்தது.

மாலையில் தம்மை எழுப்பி உட்கார வைக்கச் சொன்னார். மருத்துவர் ஒருவர் ஆக்சிஜன் கொடுக்க முற்பட்டபோது வலக்கையை அசைத்து வேண்டாமென்றார். வெளித் திண்ணையில் அன்பர்கள் அவர் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினார்கள். அவர் கண் திறந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. இரவு 8.47 மணிக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஏற்பட்ட முதல் எண்ணம், இது நமக்கெல்லாம் ஆகக்கூடியதா என்பதுதான். மரண பயத்தைப் பதினாறு வயதிலேயே வென்றுவிட்ட ஒருவரைக் காட்டி, விழுங்கவும் முடியாமல் இரவெல்லாம் நெளியும் ஒரு வனக் காவலரிடம் அமைதியாக இரு என்று சொல்வது கொடுமை. ரமணர் மருந்தை மறுத்தது அவரது உரிமை. அதை முன்மாதிரியாக்கி, ஏழை நோயாளிக்கு வலி மருந்து கிடைக்காததை நியாயப்படுத்தினால், அந்த வாழ்க்கையைத் தலைகீழாகப் படித்தவர்களாவோம்.

இங்குதான் வேறொரு நாட்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பணி ரமணரின் கதையோடு சேர்கிறது. சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவ சமூகப் பணியாளராகவும், அதன் பின் மருத்துவராகவும் ஆனவர். ரமணர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1967-இல், லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். நவீன அந்திமக்காலப் பராமரிப்பு அங்கிருந்துதான் பரவியது. சாகப் போகிறவரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனம், குடும்பம், வாழ்க்கையின் பொருள் ஆகிய எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்பது அவர் கொள்கை. அதே சமயம், உடல் வலியை முதலில் அடக்கினால்தான் மற்றவற்றைப் பேசவே முடியும் என்பதும் அவர் நடைமுறை. வலி வந்த பிறகு ஊசி போடுவதை விட்டு, வலி தலைதூக்கும் முன்பே நேரந்தவறாமல் மார்பின் கொடுப்பதை அவர் வழக்கமாக்கினார்.

1969-இல் வெளியான தம் நூலில் மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ், மரணத்தை எதிர்கொள்பவர் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் நிலைகளைக் கடக்கக்கூடும் என்று எழுதினார். எல்லோரும் அந்த வரிசைப்படி கடப்பதில்லை என்பதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். அப்பா ஏற்பில் இருந்தார். அம்மா குலதெய்வத்தோடு பேரத்தில் இருந்தார். நான் மறுப்பில் இருந்தேன். ஒரே கூடத்தில் மூவரும் மூன்று நிலைகளில் இருந்துகொண்டு, குடல் புண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ரமணரின் அறை வாசலில் நின்றவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். நோயாளி ஆயத்தமாகிப் பல நாளான பின்னும் சுற்றத்தார் ஆயத்தமாவதில்லை. மரணத்தை ஏற்பது நோயாளி கற்க வேண்டிய பாடம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது குடும்பம் கற்க வேண்டிய பாடம்.

நம் நாட்டில் இதற்கான வழிகள் தாமதமாகத்தான் திறந்தன. 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லம் தொடங்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம், தொண்டர்களைக் கொண்டு வீட்டுக்கே சென்று கவனிக்கும் முறையைக் கேரளம் முழுவதும் வேரூன்றச் செய்தது. சட்டப்பூர்வமாக அபினி பயிரிடும் மிகச் சில நாடுகளில் ஒன்றான இந்தியாவில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பது அரிதாயிற்று; 2014-இல் வந்த திருத்தம் அந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றம், கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று கூறி, உயிரை வெறுமனே நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க அனுமதித்தது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. ரமணர் கையசைத்து மறுத்த உரிமை இன்று நம் ஒவ்வொருவருக்கும் சட்டப்படி உண்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே அளிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளது. நல்ல தொடக்கம். ஆனால், ஜவ்வாது மலையைப் போன்ற இடங்களில் தொலைவு ஒரு தனி நோய். சாமை விளையும் மேட்டு ஊர்களிலிருந்து கீழே இறங்கி, பேருந்து பிடித்து, நகரத்துக்குப் போய் வலி மாத்திரை வாங்கித் திரும்ப ஒரு நாள் ஆகிவிடும். அந்த ஒரு நாள் வலியில் கிடப்பவர்க்கு மிக நீண்டது. மலைவாழ் மக்கள் வாழும் ஒவ்வொரு வட்டாரத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பின் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும், வீட்டுக்கு வரும் செவிலியரும் இருக்க வேண்டும். மருத்துவக் கல்வியில், கெட்ட செய்தியைத் தாழ்வாரத்தில் மகனிடம் சொல்லாமல், நோயாளியின் அருகில் அமர்ந்து அவரிடம் எப்படிச் சொல்வது என்பதும் கற்பிக்கப்பட வேண்டும்.

அப்பா மூன்று கேள்விகள் கேட்ட இரவுக்குச் சில நாள் கழித்து, நான் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, முதலில் ரமணரைப் பற்றிய விடைகளைச் சொன்னேன். பிறகு அவரைப் பற்றியும் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. சற்று நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இனி நகரத்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டாம் என்றும், வலியை மட்டும் யாராவது நிறுத்தினால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். வேலூரிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் வந்தார். மார்பின் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நேரப்படி கொடுக்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். வலி அடங்கிய முதல் நாள் அப்பா ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார்.

அதன் பின் மூன்று மாதங்கள் எங்கள் வீட்டில் மறைப்பு இல்லை. தங்கையை வரவழைத்தார். நிலத்துப் பத்திரங்களைப் பிரித்துக் காட்டினார். தம்மோடு வேலை பார்த்தவர்களை அழைத்து வரச் சொல்லி, காட்டுக்குள் நெருப்புப் பிடித்த பழைய இரவுகளைப் பற்றிப் பேசினார். ஒரு பழைய சண்டைக்காக என் சித்தப்பாவிடம் வருத்தம் தெரிவித்தார். எல்லா நாளும் அமைதியாக இருந்தார் என்று சொல்லமாட்டேன். அழுத நாள்களும் உண்டு. எரிந்து விழுந்த நாள்களும் உண்டு. ஒரு விடியற்காலையில், தம் கட்டிலிலேயே, அம்மாவின் கை தம் மார்பின் மேல் இருக்க அடங்கினார். அங்கே கையை வைக்கச் சொல்லி அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ரமணர் தம் அறை வாசலைத் திறந்து வைத்திருந்தார். நான் என் தந்தையின் வாசலை இரண்டு மாதங்கள் அடைத்து வைத்திருந்தேன். அந்த இரண்டு மாதங்களில் அவர் எங்களிடம் என்னென்ன பேசியிருப்பார் என்பதை இனி அறிய வழியில்லை. இதை வாசிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது இப்போது அப்படி ஒரு வாசல் அடைபட்டிருந்தால், இன்று மாலையே கட்டிலருகே போய் உட்காருங்கள். முதலில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கான மருந்தை வாங்கிக் கொடுங்கள். பிறகு அவர் கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.